தோழர் ஆவுடையப்பனுக்குத் தெரியாத கதவு

அந்த அறை முதன்முதலில் வந்து ஒட்டிக்கொண்டது நகராட்சி பில் கலெக்டர் குருமலையின் வீட்டுப் பின்சுவரில்தான். மலையடிவாரத்தில், ஆற்றுக்கும் மூடிக்கிடக்கும் நூல் ஆலைக்கும் நடுவே சரிவாகக் கிடக்கிற அந்த ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துவைத்த துணியைக் காயப்போடப் பின்வாசலுக்குப் போன குருமலையின் மனைவி, நேற்றுவரை முருங்கை மரமும் துவைகல்லும் மட்டுமே இருந்த இடத்தில் ஓடு வேய்ந்த ஓர் அறை, பச்சைக் கதவோடும் கதவுக்கு மேலே பகலிலும் எரிகிற ஒரு டியூப்லைட்டோடும் நிற்பதைப் பார்த்து, கொடிக்கயிற்றின் ஒரு முனையை அதன் ஜன்னல் கம்பியில் கட்டி, துணியைக் காயப்போட்டுவிட்டு உலை வைக்கப் போனாள். அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி, கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலத்தில் நிதானமாக இருந்தே அறியாதவன், இதுக்கு வாசல் எந்தப் பக்கம்க்கா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, சோறு கேட்டுச் சாப்பிட்டான். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நம்ம ஊர் ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருத்தரும் தன் குடியைப் பற்றிச் சொல்கிறார்கள், நானும் சொன்னேன், சுக்குக் காப்பி கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். அவன் அக்காள் நெடுநேரம் அவன் மூக்குக்கு நேரே குனிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுக்கு வாசனைதான் வந்தது.

அடுத்த ஞாயிறு துணி காயப்போடப் போனபோது அறை அங்கே இல்லை. கொடிக்கயிறு மட்டும் ஒழுங்காகச் சுருட்டித் துவைகல்லின் மேல் வைத்திருந்தது. அறை அந்த வாரம் மாவுமில்லின் மேற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வாரம் பெண்கள் பள்ளிக்கூடத்தின் பின்னால், அதற்கும் அடுத்த வாரம் பழைய தபாலாபீஸ் ஓரத்தில். இப்படி ஞாயிறு தோறும் ஒரு சுவரை விட்டு இன்னொரு சுவருக்கு, வாடகை வீட்டுக்காரர் சாமான் மாற்றுவதைப்போல, சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். அரசாங்கம் தன் கையாலேயே கடை திறந்து விற்று, விற்கிற பாட்டிலின் வயிற்றிலேயே இது கேடு என்று அச்சடித்தும் ஒட்டுகிற நாட்டில், சுவர் விட்டுச் சுவர் தாவுகிற ஓர் அறையைப் பார்த்து வாய்பிளக்க யாருக்கும் நேரமில்லை. நகராட்சி அறைக்குச் சொத்துவரி விதித்தது. வரியை யார் கட்டுவது, அறை வந்து நின்ற வீட்டுக்காரரா அல்லது அறையில் உட்கார்ந்திருப்பவர்களா என்று கவுன்சில் கூட்டத்தில் மூன்று கட்சிகளும் நாற்காலி தூக்கின. சுவர் விளம்பரத்துக்காக ஒரு கட்சிக்காரர்கள் அதன் வெளிப்புறம் முழுக்க வெள்ளையடித்துச் சின்னம் வரைந்தார்கள். அந்தச் சின்னம் ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கட்சிச் செயலாளரின் மாட்டுத்தொழுவத்து ஓரத்தில் போய் நின்றபோது, அவர் அதை அழிக்காமல் அதற்குக் கீழே தன் சின்னத்தையும் வரையச் சொன்னார், எப்படியும் அடுத்த வாரம் அது வேறு வார்டுக்குப் போகும் என்ற கணக்கில். அறை வந்து தங்கிப்போன வீடுகளுக்கு வாடகை ஏறியது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள், பையனுக்குக் குடிக்கிற வழக்கம் உண்டா என்று கேட்பதற்குப் பதிலாக, உங்க வீட்டுப் பக்கம் அந்த ரூம் வந்திருக்கா என்று கேட்டார்கள். ஊர் எல்லையில் இருந்த கடையின் பார் காண்டிராக்டர், வியாபாரம் படுத்துவிட்டதென்று, கடப்பாரையோடு நாலு ஆட்களை அனுப்பி இடிக்கச் சொன்னார். அவர்கள் வழியில் இரண்டு பேரை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து உள்ளே போனார்கள். இருட்டின பிறகு வெளியே வந்து, கடப்பாரைகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அறை இடம் மாறிக்கொண்டே இருந்ததால், ஞாயிறு விடிந்தால் ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒன்றாகவே ஆயிற்று: "இந்த வாரம் எங்க வே?" குடிக்கிறவன் கேட்டான், குடிக்கிறவன் பெண்டாட்டி கேட்டாள், வரி போடுகிறவன் கேட்டான், சுவரில் வறட்டி தட்டுகிறவள் கேட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் யாராவது கையை நீட்டிக் காட்டினார்கள். கையை நீட்டிய திசையில் அறை இருந்தது.

தோழர் ஆவுடையப்பன் மட்டும் கேட்கவில்லை.

அவர் எதற்குக் கேட்க வேண்டும்? அந்த ஊரின் ஒவ்வொரு சந்திலும் ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தவர் அவர். பெயரில்லாமல் முதல் லைன், இரண்டாம் லைன் என்று கிடந்த ஆலைக் குடியிருப்புத் தெருக்களுக்கெல்லாம் மறியல் செய்து பெயர் வாங்கிக் கொடுத்தவர் அவர். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். காலணா காகிதத்தில் அச்சடித்து ஆலை வாசலில் கொடுத்ததை, கழிவுப் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்து, பிறகு தானே எழுதி, பிறகு தானே பேசி, நாற்பது வயதுக்குள் மைக் இல்லாமல் ஆலைச் சங்குச் சத்தத்துக்கு மேலே பேசக்கூடியவர் என்று மாவட்டம் முழுக்கப் பெயரெடுத்தவர். பள்ளிக்கூடத் தெருவில் இருந்த சாராயக் கடையை ஊர் எல்லைக்கு விரட்டியதும் அவர்தான். அதற்காக வாங்கிய லத்தி அடியின் தழும்பு இன்னும் இடது முழங்கையில் இருந்தது. ஆலை மூடிய பிறகு சங்க ஆபீஸின் ஓடு ஒவ்வொன்றாக விழுந்தது. கூட இருந்தவர்களில் பாதிப்பேர் செத்தார்கள், மீதிப்பேர் திருப்பூருக்குப் போனார்கள். ஆவுடையப்பன் தினமும் காலையில் சலவை செய்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் அந்த ஓடில்லாத ஆபீஸைத் திறந்து, கொடியை ஏற்றி, தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, கொடியை இறக்கிப் பூட்டினார்.

பூட்டியபின் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்க் குடித்தார்.

இது ஊருக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரும் தெரியாததுபோலவே இருந்தது. பக்கத்து ஊர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தவர்கள், தோழர் ஏதோ பொதுக்காரியமாகப் போகிறார் என்கிற முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அவருடைய மனைவி கோமதி மட்டும் அந்த முகத்தை வைத்துக்கொள்ள முடியாமல், மே தினக் கொடியேற்றத்தன்று கயிற்றை இழுக்கிறபோதே அவர் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு சரிந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் தென்காசியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனாள். போகும்போது ஒன்றுதான் சொன்னாள்: "ஊரைத் திருத்தினது போதும். நீங்க விட்டதும் சொல்லி அனுப்புங்க, அன்னைக்கே வாரேன்." விட்டுவிட முடியும் என்றுதான் அவரும் நினைத்தார். ஒருமுறை கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தார். உடம்பு அறுவடை ஆளின் கையிலுள்ள அரிவாளைப்போல ஆடியது, சுவரிலிருந்து கரப்பான்களாக இறங்கின, மூன்றாவது விடியலில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடந்தார். ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தட்டிப்பார்த்து, ஈரல் கல்லாகிக்கொண்டு வருகிறது, இனிமேல் தனியாகக் கிடந்து விட முடியாது, நாலுபேர் கூட உட்கார்ந்துதான் விட முடியும், அந்த ரூமுக்குப் போங்களேன் ஐயா என்று சொன்னார். அந்த நாலுபேரில் ஒருவராகத் தாம் உட்காருவதை ஆவுடையப்பனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவர் நாலுபேருக்கு முன்னால் நின்றவர்.

ஆகவே அவர் முதலில் அறையை எதிர்த்தார். மக்களின் கோபத்தைச் சுக்குக் காப்பியில் கரைக்கிற சூழ்ச்சி என்று நோட்டீஸ் போட்டார். நோட்டீஸை வாங்கினவர்கள் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இந்த வாரம் எங்க?" என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டுப் போனார்கள். பிறகு நிலையை மாற்றிக்கொண்டு அறையை ஆதரித்தார். அறைக்கு நிரந்தர முகவரி வேண்டும், பட்டா வேண்டும், மின் இணைப்பு வேண்டும் என்று மூன்று அம்சக் கோரிக்கையோடு இன்னொரு நோட்டீஸ் போட்டு, நெடுநாளுக்குப் பிறகு ஒரு ஊர்வலமும் நடத்தினார். நாற்பது பேர் வந்தார்கள். அறை அந்த வாரம் தாலுகா ஆபீஸ் மதிலில் இருப்பதாகக் கூட்டத்தில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததால், ஊர்வலத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, மதிலுக்கு எதிரே ஸ்டூலில் ஏறி நின்று பேசினார். நல்ல பேச்சு. ஆனால் பேச்சின் நடுவே கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அறை அவருக்கு இடது கைப்பக்கம், பத்தடி தள்ளி, கதவு திறந்து நின்றுகொண்டிருந்தது. அவர் வெறும் சுவரைப் பார்த்துக் கையை நீட்டி, இதோ இந்த வாசல், உழைக்கும் மக்களின் இந்த வாசல் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது, தோழருக்கு அந்தக் கதவு கண்ணில் படவில்லை என்று. யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் நின்றவர்கள் மட்டும் மெல்ல நகர்ந்து, அவர் கை நீட்டிய சுவருக்கு முன்னால் போய் நின்று கோஷம் போட்டார்கள், அதுதான் வாசல் என்பதுபோல.

அந்த மரியாதை அவரைக் கொன்றது. ஏளனம் செய்திருந்தால் பதில் சொல்லியிருப்பார். ஏளனத்துக்குப் பதில் சொல்லத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் படித்திருந்தார். அதற்குப் பிறகு அவர் தனியாகத் தேடத் தொடங்கினார். மத்தியான வெயிலில், தெருவில் ஆள் குறைகிற நேரமாகப் பார்த்து, வெள்ளைச் சட்டை நனைய, ஒவ்வொரு சுவராக உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனார். மாவுமில் சுவர், பள்ளிக்கூடச் சுவர், மசூதிச் சுவர், தாம் ஒரு காலத்தில் பசை வாளியோடு போஸ்டர் ஒட்டிய சுவர்கள் எல்லாம் கைக்கு வந்தன, கதவு வரவில்லை. லோடுமேன் ஐகோர்ட்டைப் பின்தொடர்ந்தும் போய்ப் பார்த்தார். ஊரில் பெரிய குடிகாரனாயிருந்து, அறைக்குப் போய்க் குடியை விட்டவன் அவன். சாமி பெயர் அது, ஐகோர்ட் மகாராஜா கோயிலில் நேர்ந்து பெற்ற பிள்ளை. அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான், ஒரு மதிலோரம் செருப்பைக் கழற்றினான், சுவரில் கைவைத்துத் தள்ளினான், இல்லாமல் போனான். செருப்பு மட்டும் கிடந்தது. பக்கத்தில் இன்னும் நிறையச் செருப்புகள் கிடந்தன. ஆவுடையப்பன் அந்தச் செருப்புகளுக்கு நடுவே நின்று சுவரைத் தள்ளினார். சுவர் சுவராகவே இருந்தது. உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

ஐகோர்ட்டின் மனைவி பூரணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தாள். அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் அவள் கண்ணெதிரேதான். ஒருநாள் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த யார்கிட்டயாவது கேட்டா என்னா?"

"என்னத்தக் கேக்க?"

"வழியத்தான்."

"நான் வழி கேக்கவா? இந்த ஊர்லயா? ஏம்மா, நீ குடியிருக்க தெருவுக்குப் பேரு வச்சது யாரு?"

"நீங்கதான் வச்சிய. அந்தப் பேர இன்னைக்கு வரைக்கும் போஸ்ட்மேனைத் தவிர யாரும் சொல்லல, ரெண்டாம் லைன்னுதான் சொல்லுதாங்க. அதுக்குன்னு நான் சண்டைக்கு வந்தனா?"

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஆவுடையப்பன் அவர்களைப் பார்த்தார், சிரிப்பை டம்ளருக்குள் விட்டுக்கொண்டார்கள்.

"சரி," என்றார் அவர், தொண்டையைச் செருமி, தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு. "தோழர்கள் சிலபேர் விசாரிக்காங்க. அந்த அறை இப்ப எங்க இருக்குன்னு சொன்னா, நான் அவங்களுக்குத் தெரியப்படுத்துவேன்."

பூரணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தோழர்களுக்கா? பெருமாள் கோயில் வடக்கு மதில்ல இருக்குன்னு சொல்லுங்க."

அவர் அந்த வாரம் இரண்டு பேருக்கு அதைச் சொன்னார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அவர் போனபோது மதில் இருந்தது, மதிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை இருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்து பஸ் ஏறினார். பூரணம் கடையிலிருந்து எட்டிப்பார்த்து, "கிடைச்சுதா, அவங்களுக்கு?" என்று கேட்டாள். "கிடைச்சுது," என்றார்.

பிறகு அவர் சட்டையைச் சலவைக்குப் போடுவதை விட்டார். கொடி ஏற்ற மறந்த நாட்கள் வந்தன. மகள் போன் செய்து, அம்மா கேக்கா, என்ன சொல்லட்டும் என்றாள். அடுத்த வாரம் என்று சொல்லி வைத்தார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கப்புறம் போன் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே பக்கத்து ஊர் போய்வந்து, வெயில் தாழ்கிற நேரத்தில் ஆலையின் நீண்ட கிழக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போனார். அந்தச் சுவர் ஊரிலேயே பெரிய சுவர். ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்கிற ஆள் ஆளாகத் தெரியமாட்டான். அடியில் ஓரிடத்தில் செருப்புகள் குவிந்து கிடப்பதைத் தூரத்திலேயே பார்த்தார், ஆனால் செருப்புக்கு நேரே சுவர்தான் இருந்தது, எத்தனை தடவை பார்த்தாலும் அதுதான் இருந்தது. அவர் கையை எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தபோது, மறுமுனையிலிருந்து இன்னோர் ஆள், அதேபோல, உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டு வருவது தெரிந்தது. முதலில் அந்தக் கைதான் அடையாளம் தெரிந்தது, அது தம்முடைய கை போலவே நடுங்கியது. பிறகுதான் முகம் தெரிந்தது. தளவாய்.

தளவாய் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆலையின் கடைசி வேலைநிறுத்தத்தில், எல்லோரும் பட்டினி கிடந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பின்வாசல் வழியாக உள்ளே போய் இயந்திரத்தை ஓட்டியவன். பிள்ளைக்கு ஜன்னி, மருந்துக்கு வழியில்லை என்று அன்றைக்கு அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் வாயிற்கூட்டத்தில் ஆவுடையப்பன் தீர்மானம் கொண்டுவந்தார்: இந்தக் கருங்காலியோடு இனி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஆயிரம் கைகள் உயர்ந்தன. வேலைநிறுத்தம் தோற்றது, ஆலை மூடியது, பிள்ளை பிழைத்து வளர்ந்து வடக்கே எங்கோ வேலைக்குப் போய்விட்டது, கை உயர்த்தினவர்கள் பலர் சுடுகாடு போய்ச் சேர்ந்தார்கள். தீர்மானம் மட்டும் அப்படியே இருந்தது, அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால். கடைக்காரர்கள் தளவாய்க்குச் சாமானை வாய் திறக்காமல் எடுத்து வைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்கூட, ஏன் என்று தெரியாமலே, அவன் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது தீர்மானத்தில் இல்லை. ஆனால் ஆவுடையப்பன் சொன்னதில்லை.

இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நின்றார்கள். தளவாய் வழக்கம்போலத் தலையைக் குனிந்து, பேசப்படாத மனிதனுக்குரிய அடக்கத்தோடு, அவர் போக வழிவிட்டுச் சுவரைவிட்டு ஒதுங்கினான். ஆவுடையப்பன் போகவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் ஒரு மூச்சில் பேசின வாய், ஒரு ஆளுக்கு முன்னால் ஒரு சொல்லைத் தேடி நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம். பஸ் இருந்தது. கோமதி இல்லாத வீடும் இருந்தது, போனால் வா என்று சொல்லவும் போகாதே என்று சொல்லவும் ஆளில்லாமல்.

"வே," என்றார்.

தளவாய் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாராவது வருகிறார்களோ என்று.

"உம்மத்தான். இந்தக் கதவு எங்க இருக்கு?" சுவரைவிட்டுக் கையை எடுத்தார். "யாருக்காகவும் இல்ல. எனக்கு வேணும். எனக்குத்தான் கேக்கேன்."

தளவாய் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தான். நெடுநாள் இறைக்காத கிணற்று ராட்டினம் போல முதலில் ஒரு கிறீச்சலும் பிறகு பேச்சும் வந்தது.

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"நான் யார்கிட்ட வே கேக்க? ஊர் பூரா கேட்டு கேட்டுப் போகுது. நான் கேட்டா யார் பதில் சொல்லுவா? நீருதான தீர்மானம் போட்டீரு."

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார்.

"இப்பம் பேசுதீரே," என்றான் தளவாய். "வாபஸ் வாங்கியாச்சா, இல்ல போதையில மறந்துட்டீரா?"

"வாபஸ்."

"நீரா ஒத்தையில எப்படி வாங்குவீரு? செயற்குழு கூடணும்லா? எனக்குத் தெரியாதா, நானும் அந்தச் சங்கத்துல இருந்தவன்தான."

"செயற்குழுவுல ஆலமுத்து செத்தாச்சு. சின்னத்தம்பி செத்தாச்சு. பக்கீர் போன வருசம். நான் ஒருத்தன்தான் மிச்சம்."

தளவாய் யோசித்தான். "அப்பம் ஏகமனதா நிறைவேறிட்டுன்னு சொல்லும்."

"நிறைவேறிட்டு."

தளவாயின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், அந்த முகத்தில் அது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் யாருமில்லை. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். பிறகு துண்டை எடுக்காமலே, துணிக்குள்ளிருந்து கேட்டான்:

"சரி, நானும் கேக்கேன். எனக்கும்தான் வேணும். கதவு எங்க வே இருக்கு?"

"எனக்கும் தெரியாது," என்றார் ஆவுடையப்பன்.

அப்படிச் சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த பத்தடிச் சுவரில், குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நேரே, பச்சைக் கதவு இருந்தது. மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, அதைச் சுற்றி அந்நேரத்துப் பூச்சிகள் இருந்தன. கதவின் பக்கத்தில் இரண்டு சின்னங்கள் மங்கிப்போய், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்றுதான் ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். யார் முதலில் போவது என்று ஒரு தயக்கம் வந்தது. எந்த வாசலிலும் முதலில் நுழைந்தே பழகியவர் ஒதுங்கி நின்றார், எந்த வாசலிலும் கடைசியில் நுழையக் காத்திருந்தே பழகியவன் நகரவில்லை, கடைசியில் கதவு சின்னதாக இருந்தும் இரண்டு பேரும் சேர்ந்தே தோள் உரசி நுழைந்தார்கள்.

உள்ளே ஐகோர்ட் இருந்தான், குருமலையின் மச்சினன் இருந்தான், கடப்பாரைக்காரர்கள் இருந்தார்கள், அவரிடம் நோட்டீஸ் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்கள் பலர் இருந்தார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரும் தோழர் வாங்க என்று சொல்லவில்லை. இரண்டு நாற்காலிகளைச் சற்றே இழுத்து வட்டத்தைப் பெரிதாக்கினார்கள்.

"புதுசா வாரவங்க பேரு சொல்ல வேண்டாம்," என்றான் ஐகோர்ட். "இங்க யாரும் அவங்க பேரச் சொல்றதில்ல. யார்கிட்ட வழி கேட்டு வந்தீங்களோ, அவங்க பேர மட்டும் சொல்லணும். அதுதான் வழக்கம்."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். கை தானாக மேல் துண்டைச் சரி செய்தது. "பெரும் மதிப்புக்குரிய..." என்று தொடங்கிவிட்டார், அது வாயில் இருந்த பழக்கம். யாரும் சிரிக்கவில்லை, காத்திருந்தார்கள். அவர் கையைக் கீழே விட்டார்.

"தளவாய்," என்றார். "தளவாய்கிட்ட கேட்டேன்."

பக்கத்து நாற்காலியில் தளவாய் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்பது அவனுக்கு மறந்து போயிருந்தது. ஒரு கணம், அது யார் என்று யோசிப்பவன் போல இருந்தான்.

"கடைசியா எப்பக் குடிச்சிய?" என்றான் ஐகோர்ட், விசாரணை போல இல்லாமல், பஸ் எப்ப வந்துது என்று கேட்பதுபோல.

நாம் என்று தொடங்கினால் ஆயிரம் வார்த்தை வரும். மக்கள் என்று தொடங்கினால் விடியும்வரை வரும்.

"நான்," என்றார் ஆவுடையப்பன். "இன்னைக்குக் காலைல."

உட்கார்ந்தார். யாரோ சுக்குக் காப்பியைக் கையில் கொடுத்தார்கள், பாதி சட்டையில் சிந்தியது, யாரும் துடைக்க ஓடி வரவில்லை. தளவாய் எழுந்து, ஆவுடையப்பன் என்று பெயரைச் சொன்னான், முன்னாலும் பின்னாலும் எதுவும் சேர்க்காமல். "நானும் இன்னைக்குத்தான்," என்றான். "தனியா." அதற்குமேல் அவனிடம் சொல் இல்லை, பழக்கம் இல்லை, நின்றபடியே, பேசி முடித்தவன் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், வட்டத்தைப் பார்த்தான். வட்டம் காத்திருந்தது.

ஆவுடையப்பன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"எங்க வச்சு வே குடிச்சீரு?" என்று கேட்டார்.